இருட்டறையில் பத்து நிமிடம்

என் நாத்தனார் கணவருக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் 'நாற்காலி'. முதுகுக்குப் பின்னால்தான். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர். எப்போதாவது எழுந்தால் நாற்காலியும் ஒட்டிக்கொண்டு கூடவே எழும் என்று கேள்வி.

வேலை இதுதான். கடலில் ஒருவகைப் பாக்டீரியா உண்டு, தானாகவே நீலமாக ஒளிரும். அதைக் குடுவையில் வளர்த்து, சோதிக்க வேண்டிய தண்ணீரோடு கலப்பார்கள். விஷம் இருந்தால் ஒளி மங்கும். மெல்லிய ஒளி, இருட்டில் பத்து நிமிடம் கண் பழகினால்தான் தெரியும்.

பத்து நிமிடமாவது ஒன்றாவது! நம்மவர் விளக்கை அணைப்பார், ஒரு கொட்டாவி விடுவார், விளக்கைப் போடுவார், பதிவேட்டில் "ஒளி நன்று" என்று எழுதுவார். குடுவை உடைந்து தரையில் கிடந்த நாளிலும் ஒளி நன்றாகவே இருந்தது.

கூடத்தில் தலைமைப் பதவி காலியானது. தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நாத்தனார் பெயர்ப்பலகையே எழுதி வாங்கிவிட்டாள். அவர் வேலையை நேரில் பார்த்து முடிவு செய்ய ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். குடுவை கழுவும் அக்காவும் கூட வர, மூவரும் இருட்டறைக்குள் போனார்கள்.

விளக்கு அணைந்ததோ இல்லையோ, நாற்காலி ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா மேடம்? என்னா வெளிச்சம்! கண்ணு கூசுது!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்குப் பழக்கமில்ல மேடம். நான் இந்த வெளிச்சத்துல பேப்பரே படிப்பேன்."

"அப்படியா? சரி, கொஞ்ச நேரம் உக்காருவோம்."

உட்காருவதற்கு அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? பேப்பரில் படித்ததையெல்லாம் அளந்துகொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆனதும் அக்கா குடுவையை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். காற்றுப் பட்டதும் நீலம் குபீரென்று பொங்கியது.

"ஐயோ, தீ! தீப்புடிச்சிருச்சு!"

நாற்காலி துள்ளி எழுந்தார். கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரைக் குடுவை, அக்கா, அதிகாரி என்று பாரபட்சமில்லாமல் கொட்டினார்.

அக்கா விளக்கைப் போட்டார்.

"சார், தினமும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு எழுதுறீங்களே, அதுதான் சார் இது."

அதிகாரி சொட்டச் சொட்டப் பதிவேட்டைத் திறந்தார். அன்றைய தேதிக்கும் காலையிலேயே எழுதியாகியிருந்தது: ஒளி நன்று. பேனாவை அக்காவிடம் நீட்டினார்.

நாத்தனார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை இப்போது அந்தப் பெயர்ப்பலகைதான் மூடியிருக்கிறது. எழுத்து இருக்கிற பக்கம் கீழே.