நுரை வராத ஷாம்பேன்

ஷாம்பேன் என்றால் சீறிக்கொண்டு பொங்க வேண்டும், பொங்காவிட்டால் அது செத்த சரக்கு என்றுதான் நான் முதலில் நம்பியிருந்தேன். கோலி சோடா குடித்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஓட்டல் வேலைக்கு வரும் தம்பிகள் இந்த இடத்தில் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

யுத்த காலம். ஆவடி ஆபீசர்ஸ் மெஸ்ஸில் நான் பேரர். மேனாம்பேட்டிலிருந்து போய், பாத்திரம் துலக்கி, தட்டு தூக்கி, கடைசியில் ஒயின் ஊற்றும் வேலைக்கு உயர்ந்திருந்தேன். வெள்ளைக் கையுறை, இடுப்பில் சிவப்புப் பட்டை. அதைப் பார்த்துத்தான் மாங்காட்டில் எனக்குப் பெண் தரச் சம்மதித்திருந்தார்கள். கையுறை போனால் பெண்ணும் போய்விடும்.

அன்று டின்னருக்கு ஒரு பிரிகேடியர் வந்திருந்தார். யுத்தத்துக்கு வெகுகாலம் முன்பே வாங்கிப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே ஒரு பழைய ஷாம்பேனைக் கர்னல் வெளியே எடுத்தார். பட்டணத்திலிருந்து மரத்தூள் சாக்கில் வந்த ஐஸில் அதைப் புதைத்து வைத்தேன்.

"பான்ட்ரியில திற. இங்கே வேண்டாம்" என்றார் கர்னல். வெள்ளைக்காரரானாலும் அவர் சமையல்கட்டுத் தமிழ் நன்றாகப் பேசுவார். முந்தைய விருந்தில் நான் திறந்த கார்க், மகாராஜா படத்துக் கண்ணாடியை உடைத்திருந்தது.

சமையல்கட்டை ஒட்டிய அந்தச் சின்ன அறையில் வைத்துத் திறந்தேன். டுமீல் இல்லை. ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. ஒரு கிளாஸில் பாதி ஊற்றினேன். தேன் நிறம். நுரை என்று பேருக்கு ஊசிநூல் போல நாலு கோடு மேலே ஏறியது.

சமையல்காரர் கரீம் பாய் பூந்தமல்லிக்காரர். கிளாஸை அவரிடம் நீட்டினேன்.

"மூக்கு மட்டுந்தான் குடுப்பேன், நாக்கு குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மோந்தார். "இன்னா நைனா, கருகின ரொட்டி வாசன அடிக்குது?"

"நீ ரொட்டிய கருக்கினியா பாய்?"

"ஏன், சரக்கு கெட்டதுக்கு எந்தலய உருட்டலாம்னு பாக்குறியா? இது பூட்ச்சு. ஊட்டுக்குப் போய் மாடு மேய்."

"எங்கூட்ல மாடு கூட இல்ல பாய்."

அப்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. ஒரு பூந்தமல்லி கோலி சோடாவை உடைத்து, பாட்டிலில் காலியாக இருந்த இடத்தில் ஊற்றினேன். செத்தது எழுந்து உட்கார்ந்தது. கழுத்துவரை நுரை. நாப்கின் சுற்றி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நாலு கிளாஸும் ஊற்றினேன்.

பிரிகேடியர் குடித்துவிட்டு, நல்ல குளிர்ச்சி என்றார். கர்னல் ஒரு வாய் குடித்தார். புருவம் ஏறியது. நேராக பான்ட்ரிக்கு வந்துவிட்டார்.

மேஜைமேல் நான் முதலில் ஊற்றிய கிளாஸ் இருந்தது. எடுத்து மோந்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார். திறந்தபோது எதிரே சோடா பாட்டில்.

"இது என்ன?"

"சோடா, சார்."

"எதுல ஊத்தினே?"

"அதுலதான், சார். செத்துப் போச்சுன்னு..."

"சாகல்லே. நீ கொன்னே."

கரீம் பாய் சட்டென்று வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். கர்னல் வாசலை ஒருமுறை பார்த்தார். உள்ளே பிரிகேடியரின் சிரிப்புச் சத்தம். மிச்சத்தை ஒவ்வொரு சொட்டாக, அவசரமில்லாமல் குடித்து முடித்தார்.

"யார்கிட்டேயும் சொல்லாதே" என்று கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் பிரிகேடியருக்குக் காரணம் சொல்ல வேண்டுமே. நல்ல பழைய ஷாம்பேனில் நுரை அடங்கித்தான் இருக்கும், ரொட்டி வாசனை அடிக்கத்தான் செய்யும் என்பதைப் பிறகு ஒருநாள் அவரே சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாட்டிலில் உருப்படியாகக் குடிக்கப்பட்டது அரை கிளாஸ். அதைக் குடித்தவர் கர்னல். விருந்தாளிகள் குடித்தது பூந்தமல்லி சோடா.