திருச்செந்தூரில் எனக்குக் காது குத்திய ஞாயிறு

எனக்குக் காது குத்திய வருடத்தை வீட்டில் யாரும் குறித்து வைக்கவில்லை. நானாகத்தான் யோசித்து யோசித்து அதை நெருங்கியிருக்கிறேன். எங்கள் ராஜபாளையத்துக்கு ரயில் வந்துவிட்டது. யுத்தம் இன்னும் வரவில்லை. திருச்செந்தூரில் வைகாசி விசாகக் கூட்டம் வடிந்திருந்தது. தென்காசியைத் தாண்டும்போது ஜன்னலில் அனல்தான் அடித்தது, சாரல் காற்று இல்லை. ஆகவே ஆனி பிறந்திருக்காது. ஆனியில் எனக்கு எட்டு வயது தொடங்கிவிடும் என்பதுதான் அந்தப் பயணத்துக்கே காரணம்.

எங்களில் காது குத்துவது ஒற்றைப்படை வயதில். ஒன்றும் மூன்றும் ஐந்தும் போய், ஏழும் முடியப் போகிறது. எட்டு பிறந்துவிட்டால் ஒன்பது வரைக்கும் காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு மூளிக்காது என்றே பெயர் ஆகியிருந்தது. வாத்தியார் வருகைப் பதிவுக்கு என் பெயரைச் சொன்னால், "மூளி வந்திருக்கா சார்" என்று பின்பெஞ்சிலிருந்து பதில் போகும்.

தாமதத்துக்குக் காரணம் என் தாய்மாமன். அம்மாவின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவளுக்கு ஒரே தம்பி. தூத்துக்குடி உப்பளத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் அவர் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை விரும்பி, தாமும் வேதத்தில் சேர்ந்து, மாதா கோயிலில் தாலி கட்டினார். நான் அப்போது கைக்குழந்தை. என் தாத்தா, "எங்க யாரு வீட்டு வாசப்படியையும் அவன் மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நாளில் காலமானார். சொன்னவர் போய்விட்டார், சொல் போகவில்லை. யாராவது மாமாவின் பேச்சை எடுத்தால் அம்மா எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள். அடுப்பில் நெருப்பு இல்லாத நேரத்திலும் போவாள். தம்பி மேல் அவளுக்குத் தீராத வெறுப்பு என்று நான் முடிவு செய்திருந்தேன்.

காது குத்தும்போது பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். காதில் போடும் வளையமும் புதுப் பாவாடையும் அவர் கொண்டு வரும் சீர். தாய்மாமன் இல்லாத வீடுகளில் மாமன் முறையுள்ள வேறொருவர் உட்காருவது உண்டு. அப்பாவின் அக்கா, என் அத்தை, தன் கணவரை அதற்கென்றே தயாராக வைத்திருந்தாள். அவரும் நல்ல மனிதர், பருத்த மனிதர். "என் மடி சும்மாதான கெடக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அம்மா தை போகட்டும் என்பாள். தை போனால் பருத்தி எடுப்பு முடியட்டும் என்பாள்.

அந்த வைகாசியில் அப்பா திடீரென்று, "திருச்செந்தூர்ல வச்சுக் குத்திருவோம்" என்றார். அவர் பருத்தி ஜின்னிங் பாக்டரியில் பிட்டர். வெள்ளிக்கும் சனிக்கும் லீவு கேட்டு வாங்கியிருந்தார். அம்மா மறுக்கவில்லை. தானே ஆசாரியிடம் சொல்லி இரண்டு சின்னத் தங்க வளையங்கள் செய்து வாங்கினாள். மாமன் சீர் வராது என்று அவள் தெருவுக்கே அறிவித்துவிட்ட மாதிரி இருந்தது அது. கூடவே ஒரு கூடை சப்பட்டை மாம்பழம் கட்டினாள். வழியில் நான் ஒன்று கேட்டதற்கு, "தொட்டேன்னா கை இருக்காது" என்றாள்.

வெள்ளிக்கிழமை மதிய வண்டியில் ஏறி, திருநெல்வேலியில் தங்கி, மறுநாள் காலை திருச்செந்தூரில் இறங்கினோம். அத்தையும் அவள் கணவரும் கூட வந்தார்கள். கூடையையும் சாமான்களையும் ஒரு சத்திரத்தில் வைத்துவிட்டுக் கடலில் குளிக்கப் போனோம். நாங்கள் யாருமே அதற்குமுன் கடலைப் பார்த்ததில்லை. அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பெரிய இயந்திரத்தை எட்டி நின்று பார்ப்பது போல் பார்த்தார். அத்தையின் கணவர் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுக்கொண்டு, "உப்பு நெசமாவே இருக்கு" என்று எங்களுக்கு உறுதி சொன்னார். அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் கேட்டேன். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் குதித்தாள்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு நடந்தது. கண்மாயில் குளிக்கிறவர்கள் மாற்றுத்துணியைத் தண்ணீரை ஒட்டினாற்போலத்தான் வைப்பார்கள். தள்ளி வைத்தால் நாய் இழுக்கும், குரங்கு தூக்கும். தண்ணீரால் ஆபத்து என்று யாரும் நினைப்பதில்லை, கோடையில் கண்மாய் உள்வாங்கத்தானே செய்யும். அம்மாவும் துணி மூட்டையைக் கையெட்டும் தூரத்தில் ஈர மணலில் வைத்து, காற்றுக்குப் பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லும் வைத்திருந்தாள். வளையங்கள் மஞ்சள் துணியில் முடிந்து அதற்குள் இருந்தன.

ஒரு பெரிய அலை வந்தது. அது திரும்பிப் போனபோது கல் மட்டும் இருந்தது.

அப்பா பாய்ந்தார். நீச்சல் தெரிந்தவர்தான், ஆனால் கண்மாய் நீச்சல்; கடல் அவரைத் திருப்பிக் கொண்டுவந்து கரையிலேயே போட்டது. ஒரு சேலையின் முந்தி கொஞ்ச தூரத்தில் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. சங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று பார்த்தாள்.

"எந்த ஊரு தாயி நீங்க? கடலக் கொளம்னு நெனச்சியளோ?"

"ராஜபாளையம்" என்றார் அத்தையின் கணவர், அதுவே போதுமான விளக்கம் என்பது போல.

சத்திரத்துக்குத் திரும்பினோம். அத்தை தன் சேலை ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, "மாமன் கொண்டார வேண்டியத நீயே செஞ்சா, கடலுக்கே பொறுக்கல" என்றாள். பிறகு, "வளையம் இல்லாட்டி என்ன, மஞ்சநூலு கோத்துக் குத்தலாம். இந்தா, இவுக மடி இருக்கு. இன்னைக்கே முடிச்சிருவோம்" என்றாள்.

"நூலக் கோத்தா எம்புள்ளைக்குக் குத்துவாக?" என்றாள் அம்மா. "நாளைக்குப் பாப்போம், மதினி."

"நாளைக்குக் கடல் திருப்பிக் குடுக்குமாக்கும்?"

நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். ஒன்பது வயது வரை மூளி என்பது தீர்மானமாகிவிட்டதாக நினைத்து அழுதேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. அப்பா வாசலில் நின்று தூத்துக்குடிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பஸ் வரும்போதும் கழுத்து நீளும். அவருடைய பாக்டரியிலிருந்து பஞ்சுப் பொதி ஏற்றித் துறைமுகத்துக்குப் போகும் லாரி டிரைவரிடம் மாமாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை யாரும் வரவில்லை.

ஞாயிறு காலை உள்ளூர் ஆசாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். நல்ல நேரம் உச்சிக்கு முன் முடிகிறது என்றார். அத்தை வாழைப்பழமும் வெற்றிலையும் எடுத்து வைத்தாள். அவள் கணவர் மேல்துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டு சம்மணமிட்டார். எனக்கு யார் மடி என்பது பற்றிக் கவலையில்லை. போய் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா, "செத்த நேரம் பொறுங்க" என்றாள்.

"எதுக்கு?" என்றாள் அத்தை. அம்மா வாசல் பக்கம் பார்த்தாள்.

அப்போதுதான் சத்திரத்து வேப்பமரத்தடியில் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். தலையில் துணி மூடிய தாம்பாளம். பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண். அவர்கள் உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

அத்தை தாழ்ந்த குரலில், "ஏலே தம்பி, உன் மாமனார் சொன்ன வாக்கு என்ன ஆச்சு?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"அவுக வீட்டு வாசப்படியத்தான மிதிக்கக் கூடாதுன்னாக. இது ஊருக்குப் பொதுவான சத்திரம்" என்றார் அப்பா. அவர் இந்த வாக்கியத்தை வெகுநாளாகத் தயாரித்து வைத்திருந்திருக்க வேண்டும். அவ்வளவு வேகமாக வந்தது.

அம்மா மரத்தடிக்கு நடந்து போனாள். தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏலே, என்ன இப்படிக் கருத்துப் போயிட்ட?"

"உப்பளத்து வெயில்ல பின்ன வெளுக்கவா செய்யும்" என்றார் மாமா. "மாதா கோயில்ல பூச முடிஞ்சு வார நேரமாயிருச்சு. நேத்தே வந்திருப்பேன். நீ வரச் சொன்னியா, அத்தான் மட்டும் சொன்னாரான்னு தெரியல."

"வந்துட்டேல்ல, உள்ள வா."

"அக்கா, நான் வேதத்துல சேந்தவன். நான் மடில வச்சா சாமிக்கு ஆகுமா?"

"காது அவளுது, மடி உன்னுது. சாமி அவரு சோலியப் பாத்துக்கிடுவாரு" என்றாள் அம்மா. பிறகு பின்னால் தயங்கி நின்ற பெண்ணிடம் திரும்பி, "ஏட்டி, நீ என்ன விருந்தாளியா? தட்ட வாங்கு, அவனுக்குக் கை வலிக்கும்" என்றாள்.

அத்தையின் கணவர் என்னை இறக்கிவிட்டு எழுந்தார். தன் துண்டை விரித்து அந்த இடத்தைத் துடைத்து, "இப்பிடி உக்காருங்க மாப்ள" என்றார். அந்த மனிதரை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

தாம்பாளத்தில் பச்சைப் பாவாடையும் இரண்டு சின்ன வளையங்களும் இருந்தன. மாமாவின் உள்ளங்கை சொரசொரப்பானது. அதை என் கண்மேல் வைத்து மூடினார். ஆசாரி குத்தியபோது நான் கத்தினேன். அத்தையே முதலில் குலவையிட்டாள். அதையும் சொல்ல வேண்டும். மாம்பழக் கூடை அப்படியே மாமியின் கைக்குப் போயிற்று. மாமி ஒரு பழத்தை எடுத்து எனக்குக் கொடுத்தாள். அம்மா தடுக்கவில்லை.

பிற்பகல் வண்டியில் ஏறினோம். ஸ்டேஷன் வரைக்கும் வந்த மாமா, வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் நடந்தார். அவர் கண்ணுக்கு மறைந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"யம்மா, அடுத்த வருசமும் எனக்குக் காது குத்துவமா? மாமா வருவாகல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையின் கணவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் காதிலிருந்த மஞ்சளை முந்தியால் ஒற்றிக்கொண்டே, "காது ஒரு தடவதான் குத்துவாக" என்றாள். கொஞ்சம் கழித்து, என்னிடம் இல்லாமல் ஜன்னலைப் பார்த்து, "அதான் யாரையும் தொட விடாம வச்சிருந்தேன்" என்றாள்.

மாம்பழத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிப்போனேன்.