மலரில் வராத பந்தி

வாழ்த்துச் செய்திகளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எந்தச் சங்கம் எந்த விழாவுக்கு மலர் வெளியிட்டாலும் முதற்பாதி வாழ்த்துச் செய்திதான். கோட்டு மாட்டிய படம் ஒன்று, அதன் கீழே ‘இம்மலர் சிறப்புற அமைய வாழ்த்துகிறேன்’ என்று நாலு வரி, ஆளுக்கொரு முழுப்பக்கம். எழுதியவர் மலரைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். ஆனாலும் கேட்டு வாங்கியதைப் போடாமல் விட்டால் வாழ்நாள் முழுக்க முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார். ஆகவே இடம் போதாவிட்டால் வெட்டு விழுவது கட்டுரைக்கு. இந்த முறை விழுந்தது என் கட்டுரைக்கு.

நான் உறுப்பினராக இருக்கும் இசை வட்டத்தின் ஆண்டு விழா மலர் அது. மலராசிரியர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர். பிரித்தானிய ரொக் இசைக்குழுக்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தார். நான் துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞன். ஆனால் ஒரு காலத்தில் கிற்றார் வாசித்தவன் என்பது ஊரறிந்த விஷயம். மூன்று மாதம் தேடிப் படித்து ஆறு பக்கம் எழுதினேன். புகழைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதியது அதற்கு முந்திய ஆண்டுகளைப் பற்றி. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றின் மதுக்கடைகளில் அடுத்தவர் பாட்டுகளை மணிக்கணக்காக வாசித்துத் தேய்ந்தவர்கள், ஓட்டை வானுக்குள் குளிரில் ஒருவர்மேல் ஒருவர் சுருண்டு படுத்து ஊர் ஊராகப் போனவர்கள், தோற்றம் பொருந்தவில்லை என்று குழுப்படத்திலிருந்து எடுக்கப்பட்டும் பின்னால் இருந்து பியானோ வாசித்த ஒருவர். கடைசியாக, முதல் இசைத்தட்டு வரும் நேரத்தில் வெளியே அனுப்பப்பட்ட ஒரு ட்ரம்ஸ்காரர். அவருக்கு மட்டும் ஒரு பக்கம் நிறைய எழுதிய நீண்ட பந்தி. உண்மையைச் சொன்னால், அந்தப் பந்திக்காகத்தான் மற்ற ஐந்து பக்கத்தையும் எழுதினேன்.

எங்களுக்கும் ஒரு குழு இருந்தது. நாலு பேர். துறைக்கு அக்கரையில் இருக்கும் கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். எங்கள் ட்ரம்ஸ்காரன் கிண்ணியாவிலிருந்து பாதையில் ஏறி, அப்படித்தான் அந்த மிதவையைச் சொல்வோம், துறையைக் கடந்து வருவான். கலியாண வீடு, பள்ளிக்கூட விழா என்று இரண்டு வருடம் அலைந்தோம். பிறகு நிலாவெளியில் ஒரு ஹோட்டல் கிழமைக்கு இரண்டு நாள் வாசிக்கக் கூப்பிட்டது. பட்டணத்தில் ஒருவனிடம் பளபளக்கும் புது ட்ரம்ஸ் செற் இருந்தது. அவனைச் சேர்ப்போம் என்று சொன்னவன் நான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பழையவனிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

முதல் நாள் அவன் தாளத்தட்டுகளை உரப்பையில் சுற்றிக்கொண்டு, பாதையும் இரண்டு பஸ்ஸும் மாறி, ஹோட்டலுக்கு வந்துவிட்டான். அவன் இடத்தில் வேறொருவன் இருந்தான். பழையவன் என்னைப் பார்த்தான்.

“மனேஜர்தான் சொன்னவர் மச்சான். நாங்கள் என்ன செய்யிறது?” என்றேன்.

அந்த ஹோட்டல் மனேஜரும் கிண்ணியாக்காரர்தான், அவனுடைய ஊரவர், நல்ல மனிதர். அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவன் உரப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு சந்தையில் அவனைத் தூரத்தில் கண்டால் நான் பக்கத்துச் சின்ன ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவேன். இத்தனை வருடமாகச் சொல்ல ஏலாததை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மலரை அவனுக்கு அனுப்புவேன், வாசிப்பான், விளங்கிக்கொள்வான், என் பாரமும் இறங்கும். இதுதான் என் திட்டம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான், எனக்கும் தெரியும்.

மலராசிரியர் தொலைபேசி எடுத்தார். “தம்பி, கட்டுரை நல்லா இருக்கு. ஆனா சனத்துக்குத் தெரிஞ்ச இடத்தில இருந்து தொடங்குவம் எண்டு பாத்தனான்.”

“தெரியாத இடத்தைத்தானே சேர் எழுதினனான்?”

“ஓம், ஓம். வாழ்த்துச் செய்தி பதினொண்டு வந்திட்டுது. நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ.”

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆறு பக்கம் ஒன்றரைப் பக்கமாகி, ‘புகழின் உச்சியில் நின்ற இக்குழுக்கள்’ என்று தொடங்கியது. அந்த ‘உச்சி’ என்னுடைய சொல்லே அல்ல. என் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வாழ்த்துச் செய்தி ஒன்றில் என் கட்டுரையை ‘ஆழமான ஆய்வு’ என்று வேறு பாராட்டியிருந்தார் ஒருவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மலரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுக்கட்டாக மலர் அடுக்கியிருந்த விறாந்தையில், அவர் கதிரையைக் காட்டியும் இருக்காமல் கேட்டேன். “அந்த ட்ரம்ஸ்காரனை ஏன் வெட்டினீங்கள்?”

“எந்த ட்ரம்ஸ்காரன்?”

அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. வெட்டியவருக்கு வெட்டியது ஞாபகமில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓ, அவரோ! அவர் பிறகு பிரபலமாகேல்லத்தானே தம்பி. அவரைப் பற்றி எழுதி என்ன? உங்கட சொந்தக்காரரே?” என்றார்.

வயதுக்குத் தகாத இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியையும் குடிக்காமல் வெளியேறினேன். அப்படியே மூல எழுத்துப்படியைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிண்ணியாவுக்கு விட்டேன். அன்று அரைநாள் எடுத்த துறையை இப்போது பாலத்தில் சில நிமிடத்தில் கடந்துவிடலாம். கோபம் ஆறவும் நேரம் போதவில்லை.

அவன் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். தாடி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும், “வாங்க, இரிங்க” என்றான். மச்சான் என்று கூப்பிட்ட வாய். காகிதங்களை நீட்டி, மலருக்காக எழுதியதென்றும் அவர்கள் வெட்டிவிட்டார்கள் என்றும் சொன்னேன். மலராசிரியரைத் திட்டினேன். வாழ்த்துச் செய்திகளையும் திட்டினேன். அவன் கைக் கிரீஸைச் சீலைத் துண்டில் துடைத்துவிட்டு, நின்றபடியே வாசிக்கத் தொடங்கினான். இடையில் பிளக் வாங்க ஒருவர் வந்தார். கொடுத்து அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தான்.

கடைசிப் பந்தியில் ஒரு வரியில் விரலை வைத்தான். வாய்விட்டு வாசித்தான். “சொன்னவர் முகாமையாளர், முடிவெடுத்தவர்கள் நண்பர்கள்.” இரண்டாம் முறையும் வாசித்தான்.

“இது இங்கிலாந்தில நடந்ததா?”

“அங்கயும் நடந்தது.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “அப்ப நம்மட மனேஜர் சொல்லல்லியா?”

“இல்லை. நான்தான். அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது. என்னை மன்னிச்சுக்கொள் மச்சான்.”

இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு ஆறு பக்கம் தேவைப்படவில்லை. அவன் ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். காகிதங்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் திருப்பித் தந்தான்.

“அந்த மனேஜர் எங்கட பின் ஒழுங்கைதான்” என்றான். “ரோட்டில கண்டா எப்பவும் அவர்தான் முந்தி சலாம் சொல்லுவார். நான் ஒருநாளும் பதில் சொன்னதில்ல. போன வருஷம் மௌத்தாப் போனார்.”

கிரீஸ் சீலையை மடித்து மேசையில் வைத்தான்.

“அடக்கின அண்டைக்கு ஜனாஸாவுக்கும் நான் போகல்ல” என்றான்.