என் மூக்கும் ஒரு டப்பா மாத்திரையும்

அந்த நாட்களில் எங்கள் மருத்துவமனையில் டாக்டரம்மாவின் ஸ்டெதஸ்கோப்பைவிட என் மூக்குக்குத்தான் மரியாதை அதிகம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், குடிநோயையும் மனநோயையும் ஒரே இடத்தில் பார்த்த சின்ன ஆஸ்பத்திரி அது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே நர்ஸ். ஊரப்பாக்கத்தில் ரயிலேறி எட்டு மணிக்கெல்லாம் வாசலில் நிற்பேன். வரிசையில் வருகிறவர்களிடம் "ஊது" என்பேன். கிராம்பு, பாக்கு, யூக்கலிப்டஸ் தைலம் என்று எதைப் போட்டு வந்தாலும் என்னிடம் பருப்பு வேகாது. வாடை அடித்தால் ஒரே பதில்: "நாளைக்கு வா." அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. கண்டிப்பில்லாமல் எந்தக் குடிகாரன் திருந்தினான் என்று டாக்டரம்மாவிடமே வாதாடியிருக்கிறேன்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு மீனவரை அவர் மனைவி கூட்டி வந்தாள். காதுக்குள் யாரோ ஓயாமல் திட்டுகிறார்கள் என்றார் அவர். குடித்தால் கொஞ்ச நேரம் அது அடங்குகிறதாம். குடியை நிறுத்திவிட்டு வா என்று ஒரு மனநல டாக்டர் திருப்பி அனுப்பியிருக்கிறார். குடியை நிறுத்தும் இல்லத்திலோ, குரல் கேட்கிறவரைச் சேர்க்க மாட்டோம் என்றிருக்கிறார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே அவள் ஒரு வருடம் அலைந்திருந்தாள்.

"ரெண்டும் ஒரே ஆளுக்குள்ளதானே இருக்கு? சேர்த்தே பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

நடுக்கடலில் குதித்துவிடுவார் என்று பயந்து கூட்டாளிகள் அவரைப் படகில் ஏற்றுவதில்லை. அவள் கேட்டது அது ஒன்றுதான். "படகுல ஏறிட்டாருன்னா போதும் சிஸ்டர். கரையில குந்திக்கினே இருந்தா ஆளு செத்துடுவாரு."

மாத்திரையைக் கொடுக்கும்போது என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். "குடிச்ச வாயில மாத்திரை போடக்கூடாது. குடிச்ச வாயோட இங்கயும் வரக்கூடாது." டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொன்னது.

அதன்பிறகு மாதாமாதம் அவள் மட்டும் வந்தாள். "வலை தெச்சிக்கினு கீறாரு சிஸ்டர், நல்லாதான் கீறாரு" என்று சொல்லி மாத்திரை வாங்கிப் போவாள். வராத ஆளின் வாயை என் மூக்கு எப்படி மோந்து பார்க்கும்?

ஐந்தாவது மாதம் ஒரு காலையில் கூட்டாளிகள் இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள், அவளும் கூட வந்தாள். குரல் கூப்பிட்டது என்று கழுத்தளவு தண்ணீருக்குள் நடந்து போயிருக்கிறார். லுங்கி இன்னும் காயவில்லை. வாடையும் அடித்தது. என் வாய் பழக்கதோஷத்தில் "நாளைக்கு" என்று ஆரம்பித்துவிட்டது. அவள் பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து என் மேஜைமேல் கவிழ்த்தாள். அத்தனையும் மாத்திரை.

"இன்னா சிஸ்டர் பாக்கற? குடிச்ச அன்னிக்குக் குடுக்காதன்னு நீதான சொன்ன. அவரு தெனம் குடிச்சாரு. நான் தெனம் எடுத்து வெச்சேன்."

அவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்த டாக்டரம்மா, "குரல் கேக்கற அன்னிக்குத்தான் அவர் குடிக்கிறார். அன்னிக்குத்தான் மாத்திரையும் வேணும்" என்று மட்டும் சொன்னார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. அவமானத்தில் அன்று ஊரப்பாக்கத்தில் இறங்க மறந்து வண்டலூர் வரை போய்விட்டேன்.

மறுநாளே மோப்பத்தை விட்டேன். "குடிச்சிருந்தாலும் வா. மறைக்காம சொல்லு. மாத்திரைய நிறுத்தறதா வேணாமான்னு டாக்டரம்மா சொல்வாங்க" என்பதுதான் புதுப் பாட்டு. சிஸ்டருக்கு மூக்கு அடைச்சிக்கிச்சா என்று வாட்ச்மேன் கேலி பண்ணினார். பண்ணட்டும். மாதம் இரண்டு ஞாயிறு சதுரங்கப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். அவர் வீட்டில் உட்கார்ந்து அந்த டப்பா காலியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவரை ஏற்றிக்கொள்ளச் சொல்லிப் படகுக்காரர்களோடு சண்டையும் போட்டேன். அது எனக்குக் கைவந்த கலை.

குரல் அடங்க எட்டு மாதம் ஆயிற்று. குடி அதற்கப்புறம்தான் குறைந்தது, அதுவும் நடுநடுவே சறுக்கிச் சறுக்கி. இரண்டாயிரம் பிறந்த பிறகு, ஒரு பொங்கல் முடிந்து கூட்டாளிகள் அவரைப் படகில் ஏற்றிக்கொண்டார்கள். குடித்தால் அன்றோடு சரி என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் ஏற்றினார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவர் தனியாக வந்து என் மேஜைமுன் நின்றார். மனைவி இல்லாமல் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"நீ மோந்து பாக்க வாணாம் சிஸ்டர். நேத்து குடிச்சிட்டேன்."

"படகுக்காரங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் சொன்னேன். காலைல கூப்ட வந்தாங்க. குடிச்சிட்டேன், மாத்திரைய மட்டும் வுடல, இன்னிக்கு டாக்டரம்மாவப் பாக்கணும்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு வான்னாங்க."

எத்தனையோ பேரை அதே வார்த்தையைச் சொல்லி விரட்டியவள் நான். அவர் அதைப் பரிசு வாங்கி வந்தவர் மாதிரி சொல்லிவிட்டு நின்றார். என் வேலையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. சீட்டை எழுதி, வரிசையில் முதல் ஆளாக அவரை உள்ளே அனுப்பினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "அவரு நாளைக்குக் கடலுக்குப் போகணும்" என்றேன்.