கேட்டு வாங்கிய சாம்பல்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு மேற்கே இருந்த மில்லில் சொந்தமாகக் கரண்ட் எடுக்கப் பெரிய பவர் ஹவுஸ் கட்டினார்கள். நிலக்கரி ரயிலில் காரைக்குடிக்கு வரும். அங்கிருந்து லாரி. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் வேட்டியில் கரிப்பொடி படியும். என் மனைவி மறுபடி அலசுவாள்.

சாம்பல் கொட்ட மில்லுக்கு இடம் போதவில்லை. அதை எனக்குத் தரச் சொல்லி நான்தான் போய்க் கேட்டேன். அடுப்புச் சாம்பலை நாற்றங்காலில் தூவிப் பழகிய கை. எல்லாம் சாம்பல்தானே என்று நினைத்தேன். லாரி வயல்வரை வராது. ஊருணிக்கு மழைத்தண்ணீர் வரும் கால்வாயின் ஓரம், மேட்டில் கொட்டச் சொன்னேன். கோடை முழுவதும் கொட்டினார்கள்.

ஆவணியில் நாற்றங்காலில் போட்டேன். முளை வந்தது. நுனி கருகியது. மண் இறுகிவிட்டது. மனைவி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

“பாத்திரம் வெளக்கக்கூட ஆகாது, கீறுது. இதையா கேட்டு வாங்குனீக?”

“வாங்குனது வாங்கியாச்சு.”

நாற்று போனது என்னோடு. ஊருணி அப்படியில்லை. ஊரே குடிப்பது அதில்தான். மழை இறங்கினால் மேட்டுச் சாம்பல் அவ்வளவும் அதற்குள் போகும்.

வண்டி கட்டினேன். சாம்பலை அள்ளி மில் வாசலுக்குக் கொண்டுபோனேன். வாட்ச்மேன் சாக்கோட்டைக்காரர், பழக்கம்.

“அண்ணே, சாம்பல் வெளிய போய்ப் பாத்திருக்கேன். திரும்பி வந்து இன்னைக்கித்தான் பாக்குறேன்.”

“வழி விடு தம்பி.”

“நீங்கதான எழுதிக் கொடுத்துக் கேட்டீக?”

“ஆமா. அதான் நானே கொண்டாரேன்.”

அவர் கதவைத் திறக்கவில்லை. சுவரோரத்தைக் கையால் காட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கொட்டினேன்.

தினமும் நான்கு நடை. பாதிகூடக் குறையவில்லை. அதற்குள் ஐப்பசி பிறந்து வானம் கருத்தது. மண்வெட்டியோடு போய், மேட்டுக்கும் ஊருணிக்கும் நடுவில் கால்வாயை அடைத்தேன். கரையை வெட்டித் தண்ணீரை என் தரிசுப் பக்கம் திருப்பினேன்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். அந்தக் கால்வாயில் நாங்கள் செருப்போடுகூட இறங்க மாட்டோம். அடைத்தவன் எவனும் கிடையாது. பங்காளி அண்ணன் ஒருவர் முன்னால் வந்தார்.

“ஊருக்கு வர்ற தண்ணிய மறிக்கிறியே, புத்தி கெட்டுப் போச்சா?”

“அது சாம்பல் கேட்டப்பவே கெட்டுப் போச்சு.”

“இதுக்கப்புறம் மழை பேயலேன்னா?”

மண்ணை வெட்டிப் போட்டேன். மனைவி கூடையை எடுத்துக்கொண்டு சொன்னாள்.

“பேயலேன்னா இவுக வண்டியில பீப்பா வச்சுக் கொண்டாருவாக. மாடும் அப்பச் சும்மாதான நிக்கும்.”

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

மழை அடித்தது. கால்வாயில் வந்தது தண்ணீர் இல்லை, சாம்பல் கூழ். அடைப்பில் முட்டித் திரும்பித் தரிசில் பரவியது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கசிந்த இடத்தில் இரண்டு கூடை மண் போட்டு மிதித்தார். மறுநாள் மேட்டுக்கு அவர் வண்டியும் வந்தது.

கார்த்திகையில் மேடு காலியானது. அடைப்பை வெட்டிவிட்டேன். மிச்ச மழைக்கு ஊருணி பாதிதான் பெருகியது. என் தரிசில் பல வருஷம் புல் முளைக்கவில்லை. சித்திரையில் ஊருணியில் தண்ணீர் அடியில் கிடந்தது. என்னைத் திட்டிக்கொண்டேதான் மொண்டார்கள். ஆனால் மொண்டு குடித்தார்கள்.