சோதனைச் சாவடியில் ஒரு தேர்வு

எல்லை ஊர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது விரிவுரையாளருக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டே வருஷம் என்று கணவரிடம் சொல்லிவிட்டு வந்தவர், இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டார்.

எல்லையிலிருந்து தள்ளியிருந்த ஊர்களிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லையோரப் பள்ளிகளில் ஆறு மாதம் தாக்குப்பிடித்தாலே அதிகம். மாற்றல் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவார்கள். அங்கே குழந்தைகள் வீட்டில் பேசியது வேறு பாஷை. ஆசிரியர் ஏதோ சொல்வார், குழந்தைகள் சுவரைப் பார்ப்பார்கள்.

அதனால், சோதனைச் சாவடிக்கு அப்பால், எல்லை வேலிக்கு இப்பால் இருந்த குடியிருப்புகளுக்கு விரிவுரையாளர் நடையாக நடந்து, அந்தப் பாஷை பேசும் பன்னிரண்டு பெண்களைப் பயிற்சிக்குச் சேர்த்தார். அதில் ஒருவர் தையல்காரி; இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"மேடம், பாடத்தை எங்க பாஷையில ஆரம்பிச்சு, அப்புறம் புஸ்தகத்துக்கு வரலாமா?" என்று கேட்டார் அவர்.

"அதுக்குத்தானேம்மா உங்களைக் கூப்பிட்டேன்."

இறுதித் தேர்வன்று காலை வேலிப்பக்கம் துப்பாக்கிச் சத்தம். சாவடிக் கதவை அடைத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள்.

விரிவுரையாளர் வினாத்தாள் கட்டை எடுத்தார். முதல்வர் பதறினார். "கட்டு இந்த வாசலைத் தாண்டக் கூடாதும்மா. வேலைக்கே உலை வச்சுக்காதீங்க."

"அவங்க வர முடியலைன்னா நாமதான் சார் போகணும்."

சாவடிக் காவலர் உத்தரவை இரண்டு தடவை படித்தார். "ஆளு வரக் கூடாதுன்னுதான் இருக்கு. பேப்பர் போகக் கூடாதுன்னு இல்லையே!"

மூட்டை சோதிக்கும் பெஞ்சுகளை அவரே அந்தப் பக்கம் தள்ளிக்கொடுத்தார். கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி மூன்று மணி நேரம் விரிவுரையாளர் கண்காணித்தார்.

தலைமை அலுவலகம் அந்தத் தேர்வை ரத்து செய்தது. விரிவுரையாளருக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்தது. பதவி உயர்வு அத்தோடு நின்றது.

"முதல்வர் நாற்காலி போச்சே," என்றார் கணவர்.

"இருக்கற நாற்காலியிலேயே முதுகு வலி தாங்கலை."

ஆனால் அன்று விரிவுரையாளர் சாப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுதேர்வு நடந்தது. ஒன்பது பேர் தேறினார்கள். தையல்காரி கணக்கில் தவறி, மூன்றாவது முயற்சியில் கரையேறினார்; மற்ற இருவர் தேறவேயில்லை.

விரிவுரையாளர் ஓய்வு பெற்றபோது தையல்காரியும், அந்த ஒன்பது பேரில் ஏழு பேரும் எல்லையோரப் பள்ளிகளிலேயே இருந்தார்கள். ஒருத்தி உடம்பு முடியாமல் வேலையை விட்டிருந்தாள். இன்னொருத்தி நகரத்துக்கு மாற்றல் வாங்கிப் போயிருந்தாள்.

"அவளை நீங்க கண்டிக்கலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எதுக்கு? மாற்றல் கேக்கற உரிமை அவளுக்கும் இருக்கே," என்றார் விரிவுரையாளர்.