இரண்டே பேர் பாடும் பாட்டு

இது எனக்கு நடந்தது. தோழியின் தோழிக்கு நடந்த கதை இல்லை. அதுவும் பட்டப்பகலில், மதியம் ஒரு மணிக்கு மேல், பக்கத்து அறையில் ஓய்வுபெற்ற கிழவர்கள் பழைய பாட்டுகளை முழக்கிக்கொண்டிருந்தபோது நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் பாக்கியசாலிகள்.

நான் மதோகா. அப்போது குஷிரோ துறைமுகத்துப் பக்கம் தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை. செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அன்று, வாடகைக்கு அறை எடுத்து மைக் பிடித்துப் பாடும் கரோக்கே கடையில், ஏழாம் நம்பர் அறையைத் தனியாக எடுப்பேன். காதல் தோல்விப் பாட்டுகளாகப் பார்த்துப் பாடுவேன். அழ வேண்டியதை அங்கேயே அழுது தீர்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவேன். என் வீட்டுச் சுவர் அட்டை கனம்தான். அங்கே அழுதால், மறுநாள் லிஃப்டில் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பக்கத்து வீட்டுக்காரர் படாத பாடு படுவார். அவருக்கு எதற்கு அந்தத் தொல்லை?

அழுததெல்லாம் கோஹெய்க்காக. ஹச்சினோஹேயிலிருந்து கப்பலில் லாரியை ஏற்றிக் கடல் தாண்டி, செவ்வாய்தோறும் மீன் ஏற்ற வருவான். எங்களுக்குக் கிடைத்தது அந்த ஏழாம் நம்பர் அறையும் இரண்டு மணி நேரமும்தான். கடைசியில் எப்போதும் ஒரே பாட்டு. பாட்டில் அவன் கப்பலேறிப் போகிறான், பனி விலகியதும் வருகிறேன் என்கிறான், அவள் காத்திருக்கிறாள். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. யாருக்கும் தெரியாத பாட்டு. அதன் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் தேடிப் பிடித்துப் பாடிப் பார்ப்பீர்கள். வேண்டாம்.

கோஹெய்க்கு ஒரு வழக்கம். இரண்டாம் சரணத்தில் அரைத் தாளம் முந்தி ஆரம்பித்துவிடுவான். ஒவ்வொரு தடவையும்.

"என்ன அவசரம் உனக்கு? கப்பல் உன்னை விட்டுட்டா போயிடும்?"

"சீக்கிரம் போனாத்தானே சீக்கிரம் திரும்பி வர முடியும், லூசு!"

ஒன்பது வருடத்துக்கு முன், ஜூன் மாதம் ஒரு செவ்வாய், அவன் வரவில்லை. மூன்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. நான்காவது அனுப்ப மானம் இடம் கொடுக்கவில்லை. அவன் கம்பெனிக்குப் பேசியிருக்கலாம். ஆனால் ஒருவர் வேலை செய்யும் இடத்துக்குப் போன் போட்டுத் தொந்தரவு செய்வதா? செய்தாலும் நான் யார் என்று சொல்வது? எங்களைப் பற்றி ஓர் ஆளுக்கும் தெரியாது. கைகழுவிவிட்டான் என்று நானே முடிவு கட்டினேன். படங்கள் இருந்த போனை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு வேறொன்று வாங்கினேன்.

அந்தக் கரோக்கே மெஷினில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அந்த மாதம் நாடு முழுக்க யார் யார் பாடினார்கள், எத்தனை மதிப்பெண் என்று காட்டும். ஆகஸ்டில் ஒருநாள் மனசு கேட்காமல் எங்கள் பாட்டைப் பாடினேன். பட்டியலில் இரண்டே பெயர். முதலில் மதோகா. அடுத்து நமாகோ, 78.412.

நமாகோ என்றால் கடல் அட்டை. அந்த மெஷினில் கோஹெய் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் அது.

அன்று நான் எவ்வளவு அழுதேன் என்று கேட்காதீர்கள். எங்கோ இருக்கிறான். எங்கோ ஓர் ஊரில் தனியாக உட்கார்ந்து அதே பாட்டைப் பாடுகிறான். என்னை விட்டானே தவிர, மறக்கவில்லை!

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பட்டியல் அழிந்துவிடும். முதல் செவ்வாய் நான் போய்ப் பார்க்கும்போது நமாகோ வந்திருப்பான். ஏழு வருடம் தவறவே இல்லை. என் மதிப்பெண் ஒரு வாரம் 88, ஒரு வாரம் 90. அவனுடையது 78.412. எப்போதும் 78.412. மனிதக் குரல் அப்படி இருக்காது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தோன்ற நான் விடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஜூனில், எங்கள் தபால் நிலையத்து நகுமோ என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். அதிர்ந்து பேசாத மனிதர். புதன்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னேன். அந்தப் பட்டியலில் நமாகோ இருக்கும்வரை என் வாயில் 'சரி' என்ற சொல் வராது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள், அந்த மாதத்தின் முதல் செவ்வாய், அந்தப் பாட்டைக் கடைசியாக ஒரு தடவை பாடிவிட்டுத் தலைமுழுகுவது என்று கிளம்பினேன்.

மணி 1:05. வெளியே மூடுபனி. எதிர்க்கடை தெரியவில்லை. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அறை எடுத்தேன். முலாம்பழ சோடா ஒன்று சொன்னேன்.

1:31. பட்டியலைப் பார்த்தேன். நமாகோ மட்டும். 78.412.

1:38. பாட்டைப் போட்டேன்.

என் பகுதியை நான் பாடினேன். அவன் பகுதி வந்தபோது மைக்கை இறக்கினேன். திரையில் ஆண் குரலுக்கென்று ஒரு நீலக் கோடு உண்டு. யாராவது பாடினால்தான் அது நிறையும்.

அது நிறைந்தது.

பக்கத்து அறைச் சத்தம் என்று நினைத்தேன். என் மைக்கை அணைத்தேன். கோடு நிறைந்துகொண்டே போனது. எங்கே தொண்டை தாழ வேண்டுமோ அங்கே தாழ்ந்தது. எங்கே பிசிறடிக்குமோ அங்கே பிசிறடித்தது. அறையில் இசையைத் தவிர ஒரு குரலும் இல்லை.

இரண்டாம் சரணம்.

கோடு அரைத் தாளம் முந்தி ஆரம்பித்தது...

சரக்...

மேசையைப் பார்த்தேன். இன்னொரு மைக் அங்கே இருந்தது. கடைக்காரர்கள் சுத்தம் செய்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தது. நான் அதைப் பிரிக்கவே இல்லை.

சரக்... சரக்...

பை உப்பியது. சுருங்கியது.

உப்பியது...

என் பகுதி வந்தது. ஓடியிருக்க வேண்டும். நான் மைக்கை மறுபடி ஆன் செய்து பாடினேன். ஏழு வருடமாக எனக்கு யாரும் எதிர்ப்பாட்டுப் பாடவில்லை. அவ்வளவுதான்.

1:43. மதிப்பெண் வந்தது. ஆண் 78.412. பெண் 91.207.

பை அசையவில்லை.

1:55. சுவர்ப் போன் அடித்தது. கவுன்ட்டரில் இருக்கும் ஒகுமுரா அம்மா.

"இன்னும் ஒரு மணி நேரம் நீட்டிச்சாச்சும்மா. அதைச் சொல்லத்தான்."

"நான் கேக்கலையே?"

"கூட வந்தவர் கேட்டாரே. இப்பத்தான் ஏழாம் நம்பர்லருந்து பேசினாரு."

"...என்ன சொன்னாரு?"

"வர லேட்டாயிடுச்சு, இன்னும் ஒரு பாட்டு இருக்குன்னாரு."

முதுகுக்குப் பின்னால்...

சரக்.

என் கைப்பையை எடுத்தேனா, காசு கொடுத்தேனா, தெரியாது. தெருவில் பனிக்குள் நின்றுகொண்டிருந்தேன். லாரியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயர் மறக்கவில்லை. எண்ணைத் தேடிப் பிடித்து, ஏழு வருடத்தில் முதல் தடவையாகப் போன் போட்டேன். வயதான ஒருவர் எடுத்தார். கோஹெய் இருக்கிறாரா என்றேன்.

அவர் திருப்பிக் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமைப் பொண்ணா நீங்க?"

"ஆமாங்க."

"அவன் அப்படித்தான் சொல்வான். பேரு சொன்னதில்ல. யாருக்குத் தகவல் சொல்றதுன்னே எங்களுக்குத் தெரியாமப் போச்சும்மா. ஏழு வருஷமாச்சு. ஜூன் மாசம், குஷிரோவுக்கு வர்ற வழியில, மூடுபனியில ரோட்டை விட்டு எறங்கிடுச்சு வண்டி, அங்கேயே போயிட்டான். மத்தியானம் ஒண்ணே முக்கால் இருக்கும்."

அவன் என்னை விட்டுப் போகவில்லை. என்னிடம் வந்துகொண்டிருந்தான். நான் ஏழு வருடம் அவனைத் திட்டித் திட்டிப் பாடியிருக்கிறேன்.

மறுநாள் நகுமோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு 'சரி' என்றேன். இப்போது ஒபிஹிரோவில் இருக்கிறோம். அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை. எந்தக் கடையிலும் பாடவில்லை. இரண்டு வருடம் ஆகிறது.

நேற்று இழுப்பறையைக் காலி செய்தபோது அந்தப் பழைய போன் கிடைத்தது. சார்ஜ் போட்டேன். கடைசிப் படம், நாங்கள் கடைசியாகச் சேர்ந்து பாடிய செவ்வாய் எடுத்தது. மதிப்பெண் திரை. முன்னால் கோஹெய் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ஆண் 78.412.

பெண் 91.207.

அந்தப் பாட்டின் இந்த மாதக் கரோக்கே பட்டியலை என் போனிலேயே திறந்து பார்த்தேன்.

இரண்டு பெயர்கள் இருந்தன.

நமாகோ 78.412.

மதோகா 91.207. போன செவ்வாய், மதியம் 1:43.